நீல மூடிக் கேன்

நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு காந்தத்தை அந்தரத்தில் மிதக்கவிட்டபோது அதைப் பார்த்தவர்கள்: மூன்று பேராசிரியர்கள், ஒரு கல்லூரித் தாளாளர், நாற்பது மாணவிகள், ஒரு பசுமாடு. (பசுமாடு அறைக்குள் வரவில்லை. சன்னல் வழியாகத்தான் பார்த்தது. இயற்பியல் படித்தவள் இதையெல்லாம் துல்லியமாகச் சொல்லிவிட வேண்டும்.)

அந்த மாடு அங்கே வந்ததற்கு நான்தான் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருஷங்கள் ஆயின. அதுவரை டேவிட் மாமாவின் உச்சரிப்புதான் காரணம் என்று சொல்லித் திரிந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த முதல் ஆள் நான். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. யாராவது 'கரண்ட் போயிடுச்சு' என்றால் 'எலக்ட்ரான் ஓட்டம் நின்றுவிட்டது' என்று திருத்துவேன். அம்மா ஒருமுறை விசிறியை எடுத்து என் தலையில் தட்டினாள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. கேள்வி பதிலெல்லாம் கிடையாது. மாணவிகளை உட்காரவைத்து அரைமணி நேரம் பாடம் நடத்த வேண்டும். பின்வரிசையில் குழு உட்கார்ந்து பார்க்கும். மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா, இந்தச் செய்தியைக் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் முதற்கொண்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார். வேலை கிடைக்காமல் போனால் ஒரு பஸ் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் கரும்பலகையில் ஏதாவது சமன்பாடு எழுதிவிட்டுப் போவார்கள். நான் மீக்கடத்தியைக் காட்டுவது என்று முடிவு செய்தேன். என்னிடம் ஒரு வில்லை இருந்தது. படிக்கும்போது நானே செய்தது. இட்ரியம், பேரியம், தாமிரம் மூன்றின் உப்புப் பொடிகளையும் கல்வத்தில் இரண்டு நாள் அரைத்து, உலையில் சுட்டு, ஆக்ஸிஜன் கொடுத்து ஆறவைத்து எடுத்த கறுப்பு வட்டம். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது. பார்த்தால் தீய்ந்துபோன தட்டை மாதிரி இருக்கும். ஆனால் அதை மைனஸ் நூற்றெண்பது டிகிரிக்கும் கீழே குளிரவைத்தால் அதற்குள் மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். மேலே காந்தத்தை வைத்தால் காந்தம் மிதக்கும்.

மிதக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நான் பார்த்ததில்லை. கல்லூரி ஆய்வகத்தில் மீட்டரில் எண் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றதைத்தான் பார்த்திருந்தேன். அங்கே இருந்த காந்தம் குண்டூசியைத் தூக்கவே யோசிக்கும். இந்தத் தேர்வுக்காகவே சின்னதாய், பயங்கர வலுவுள்ள காந்தம் ஒன்று வரவழைத்தேன். ஒத்திகை பார்த்தாயா என்று கேட்காதீர்கள். இருபத்தைந்து வயதில் ஒத்திகை எல்லாம் மற்றவர்களுக்கு.

குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். ஒரு காஸ் ஏஜெண்டிடம் சொல்லிவைத்திருந்தேன். தேர்வு அன்று காலை ஆறரைக்கு அவர் போன் செய்தார்.

"மேடம், வண்டி வர்ல. நாளைக்குக் காலைல கன்பார்மா வந்துரும்."

"நாளைக்கு எனக்கு எதுக்குங்க?"

"ஸ்டாக் வெச்சுக்கலாமே மேடம்."

திரவ நைட்ரஜன் ஸ்டாக் வைத்துக்கொள்ளும் பொருளில்லை என்று அவருக்கு விளக்க நேரமில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அம்மாதான் சொன்னாள்: "ஏன்டி, உங்க மாமா பைக்ல பொக வர்ற கேன் ஒண்ணு கட்டிகினு சுத்துறாரே, அது இன்னா?"

கரண்ட் அடித்தமாதிரி எழுந்தேன். (எலக்ட்ரான் ஓட்டம் அடித்தமாதிரி.)

கிரேஸ் அக்காவின் வீட்டுக்காரர் டேவிட் மாமா கருங்குழியில் இருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் தொழில். காளைகளின் விந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனுக்குள் உறைய வைத்திருப்பார்கள். எந்த ஊரில் மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறதோ அங்கே கேனைக் கட்டிக்கொண்டு பைக்கில் போவார். இத்தனை வருஷம் அவர் தொழிலைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. மாட்டு ஊசிக்காரர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியைத் தினமும் தொடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் பறந்தேன். நான் போனபோது மாமா குளியலறையில். அக்கா அடுப்படியில் நாஸ்தாவுக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்தே கத்தினேன்.

"மாமா! எனக்குக் கொஞ்சம் நைட்ரஜன் வேணும்! இன்டர்வியூ!"

"மூலைல ரெண்டு கேன் கீது பாரு! நீல மூடி போட்டத எட்துக்கோ! அதுல சும்மா நைட்ரஜன்தான் கீது! சாய்ந்தரம் கொண்டாந்துரு!"

மூலையில் இரண்டு கேன்கள். ஒன்றின் மூடி நீலம். இன்னொன்றின் மூடி சாம்பல் நிறம்; கழுத்துக்குள் இறங்கும் அதன் அடைப்பு மட்டும் சாதாரணமாக இருப்பதைவிட ஒரு விரல்கடை நீளம். இந்த இரண்டாவது விவரத்தை நான் அன்று கவனிக்கவில்லை. ஏன் கவனிக்க வேண்டும்? நீலம் என்றார், நீலம் எடுத்தேன்.

மாமா சொன்னது 'நீள மூடி'.

எங்கள் பக்கத்தில் 'ள'வையும் 'ல'வையும் பிரித்துப் பேசுகிறவர்களை வெளியூர்க்காரர்கள் என்றுதான் நினைப்போம். இதை வைத்து மாமாவுக்கும் எனக்கும் நடந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

கேனை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துக்கொண்டு கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டித் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியதும் ஒரு வேகத்தடை. கேன் குலுங்கி, மூடி ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை வழிந்து என் புடவை மேல் இறங்கியது. எதிரே வந்த ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"யக்கா! வண்டி எரியுது! எறங்கு, எறங்கு!"

"எரியலண்ணே! இது குளிரு!"

"இன்னாது?"

"குளிரு!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை என் கால்மேல் முழுக்கக் கொட்டினார். நல்ல மனுஷர். கல்லூரிக்குள் நான் நுழைந்தபோது புடவையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது, மேல்பாதி வியர்த்திருந்தது. ஆனால் உள்ளுக்குள் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இன்றைக்குப் பார்த்துவிடப் போகிறேன். நான் அரைத்துச் சுட்ட வில்லையின் மேல் காந்தம் மிதப்பதை நானே பார்க்கப் போகிறேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். (அதன் பிறகு மாமா பதினேழு முறை கூப்பிட்டிருக்கிறார்.)

வகுப்பறை நிறைய மாணவிகள். பின்வரிசையில் குழுவின் தலைவி, வெள்ளைத் தலைமுடியை இறுக்கி முடிந்த ஓய்வுபெற்ற பேராசிரியை. அவருக்கு இடப்பக்கம் இருந்தவர் குறிப்பெடுத்தார். வலப்பக்கம் இருந்தவர் தூங்கினார். பட்டு ஜிப்பாவில் தாளாளர் ஓரமாக நின்றார்.

ஆரம்பித்தேன்.

"சாயங்காலம் ஆறு மணிக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல நுழைஞ்சிருக்கீங்களா? கம்பெனி பஸ் எல்லாம் ஒரே நேரத்துல ஆளை இறக்கும். ஒருத்தரை ஒருத்தர் இடிச்சு, பையில மாட்டி, செருப்பை விட்டு, வியர்த்து வழிஞ்சுதான் வெளிய வருவோம். கம்பிக்குள்ள போற எலக்ட்ரானும் அப்படித்தான். அணுக்களோட அதிர்வுல இடிச்சுக்கும். அந்த இடிதான் மின்தடை. அந்த வியர்வைதான் கம்பி சூடாகறது."

மாணவிகள் சிரித்தார்கள். எனக்கு இறக்கை முளைத்துவிட்டது.

"இப்போ இந்தக் கறுப்பு வில்லையைக் குளிர வைக்கிறோம். ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழ போனதும், தனித்தனியா இடிச்சுக்கிட்டிருந்த எலக்ட்ரான்கள் ஜோடி சேருது. ஜோடி ஜோடியா, எல்லா ஜோடியும் ஒரே தாளத்துல, ஒரே கூட்டமா நகரும். தனியா ஒண்ணை இடிச்சு நிறுத்த முடியாது. தடையே கிடையாது!"

தூங்கியவர் விழித்தார். "ஏன் ஜோடி சேருது?"

"சாதாரண உலோகத்துல ஏன்னு தெரியும் சார். இந்த வகைப் பொருள்ல ஏன்னு உலகத்துல இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது!" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தெர்மாகோல் பெட்டியில் வில்லையை வைத்து, நீல மூடியைத் திறந்து கேனைச் சாய்த்தேன். உள்ளே ஏதோ கலகலவென்றது. கழுத்தோரத்தில் இரண்டு நீளமான கம்பிக் கைப்பிடிகள் மாட்டியிருந்தன. கேனுக்கு அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். நைட்ரஜன் பால்போல் புகைந்துகொண்டு இறங்கிக் கொதித்தது. மேசையிலிருந்து வெண்புகை தரைக்கு வழிய, முன்வரிசை மாணவிகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கொதிப்பு மெல்ல அடங்கியது. வில்லை குளிர்ந்துவிட்டது.

பிளாஸ்டிக் இடுக்கியால் காந்தத்தை எடுத்து வில்லைக்கு மேலே கொண்டுபோனேன். காற்றிலேயே எதுவோ மெத்தென்று தடுத்தது. இடுக்கியைத் திறந்தேன்.

காந்தம் விழவில்லை.

அப்படியே நின்றது. அரை விரல்கடை உயரத்தில், கீழே ஒன்றுமில்லாமல், மேலே ஒன்றுமில்லாமல். இடுக்கி முனையால் தட்டினேன். தட்டாமாலை சுற்றியது. நிற்காமல் சுற்றியது. நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் கத்தியதில் பக்கத்து வகுப்பிலிருந்து யாரோ ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். என் கண்ணில் தண்ணீர். பாடம் நடத்துவதை மறந்துவிட்டு "மிதக்குது! ஐயோ, மிதக்குது!" என்று நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

தலைவி எழுந்து மேசைக்கே வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"முப்பது வருஷமா இதை போர்டுல எழுதிப் போட்டிருக்கேன்மா. கண்ணால பாக்கறது இதான் மொதல் தடவ" என்றார் மெதுவாக.

அந்த நிமிஷத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். வேலை என் கையில். ஆனால் பெட்டியில் நைட்ரஜன் குறைந்துவந்தது. அவர் இன்னும் பார்க்கட்டும் என்று கேனை இன்னொரு முறை, நன்றாகச் சாய்த்தேன். கம்பிக் கைப்பிடி ஒன்று கழன்றது. மெல்லிய வண்ணக் குச்சிகள் ஐந்தாறு சரசரவென்று வழுக்கிக்கொண்டு வந்து, மிதக்கும் காந்தத்துக்குப் பக்கத்தில் நைட்ரஜனுக்குள் விழுந்தன.

"இது என்னம்மா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியில் என் எம்.எஸ்சி. பட்டம் முந்திக்கொண்டது.

"சென்சார் மேடம்" என்றேன். "வெப்பநிலையைக் கண்காணிக்கிற சென்சார்."

"ஓ." அவர் இன்னும் குனிந்தார். குச்சிகளில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "காளை எண்... ஜெர்சி..." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சென்சாருக்கு எதுக்கும்மா ஜெர்சின்னு பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஒரு குட்டியானை லோடு வண்டி கிறீச்சென்று நிற்கும் சத்தம். அதைத் தொடர்ந்து "ம்மா" என்று ஒரு நீண்ட குரல். அதைத் தொடர்ந்து டேவிட் மாமாவின் குரல், கல்லூரி முழுவதும் கேட்கும்படி:

"எஸ்தரூ! ஊத்தாத! உள்ள காளை கீது!"

நடந்தது இதுதான். கருங்குழிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் கன்னியப்பன் என்ற விவசாயி, பெண் கன்றாக, கிடேரியாகவே பிறக்கும் வகை ஊசி வேண்டும் என்று பல மாதமாகச் சொல்லிவைத்திருந்தார். அது முந்தின நாள்தான் நீல மூடிக் கேனில் வந்திருந்தது. அன்று காலை மாடு கத்த ஆரம்பித்தது. மாமா வீட்டு வாசலில் கன்னியப்பன் வந்து நிற்கிறார். உள்ளே நீளமூடிக் கேன் மட்டும் இருக்கிறது. நேரம் தவறினால் இன்னும் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். நான் கேனைக் கவிழ்த்துவிட்டால் ஊசியே போய்விடும். கேனைத் தேடிப் போய்த் திரும்பக் கொண்டுவர நேரம் இருக்குமா என்று மாமா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கன்னியப்பன் சொன்னாராம்: "ஊசி மாட்டுகிட்ட வரலன்னா இன்னா டாக்டரே, மாட்ட ஊசிகிட்ட இட்டுகினு போவோம்."

மாமா மூச்சிரைக்க வகுப்புக்குள் நுழைந்தார். பெட்டியைப் பார்த்தார். மிதக்கும் காந்தத்தை அவர் கண்கள் கண்டுகொள்ளவேயில்லை.

"முழுகிதான் கீதா? தப்பிச்சோம். வெளிய எட்த்தா ஒரே நொடில பூடும். கேன்ல எவ்ளோ மிச்சம் கீது?"

ஆட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் சலசலத்தது.

"பத்தாது. பெட்டில கீறதையும் திருப்பி ஊத்தணும், எஸ்தரு. மீதி ஊசிங்களும் உள்ள கீது. எல்லாம் போச்சுன்னா நாலு ஊர்ல மூஞ்சில முழிக்க முடியாது என்னால."

பெட்டியில் இருந்ததைத் திருப்பி ஊற்றினால் காந்தம் விழுந்துவிடும். தலைவி இன்னும் விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாளாளர் முகம் சிவந்திருந்தது. சன்னலுக்கு வெளியே கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட மாடு ஒன்று கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கன்னியப்பன் கும்பிட்டார்.

நான் தலைவியைப் பார்த்தேன். "மேடம், அது சென்சார் இல்ல. எனக்கு என்னன்னே தெரியல, தெரியாமதான் சொல்லிட்டேன். இதைத் திருப்பி ஊத்தணும். மன்னிச்சுக்குங்க."

"ஊத்தும்மா" என்றார்.

மாமா இடுக்கியால் குச்சிகளைக் கண்மூடித் திறப்பதற்குள், கழன்ற கம்பிக் கைப்பிடியின் நுனியிலிருந்த குவளையில் சேர்த்துக் கேனுக்குள் இறக்கினார். நான் பெட்டியைச் சாய்த்து நைட்ரஜனை ஊற்றினேன். ஆனால் வில்லை உடனே சூடாகிவிடவில்லை. காந்தம் மிதந்துகொண்டே இருந்தது. தலைவி அதிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. ஒரு விரலை நீட்டி அதை மெல்லச் சுழற்றிவிட்டார். அது சுற்றியது, தள்ளாடியது, தாழ்ந்தது, 'டக்'கென்று வில்லைமேல் உட்கார்ந்தது. யாரோ ஒரு மாணவி "அய்யோ" என்றாள்.

அடுத்து நடந்தது சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால். ஊசிக் குச்சியை உருகவைக்க முப்பத்தேழு டிகிரி வெந்நீர் வேண்டும். கேன்டீனிலிருந்து வெந்நீரும், ஆய்வகத்திலிருந்து தெர்மாமீட்டரும் ஓடிப்போய்க் கொண்டுவந்தது நான். கலந்து கலந்து, மிகச்சரியாக முப்பத்தேழுக்குக் கொண்டுவந்தேன். அன்று முழுவதும் நான் பிழையில்லாமல் செய்த ஒரே இயற்பியல் சோதனை அதுதான். மாடிச் சன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள். தாளாளர் மேலே பார்த்துக் கத்தினார். கீழே பார்த்துக் கத்தினார். மாட்டைப் பார்த்தும் ஒருமுறை கத்தினார்.

குழுவின் மூவரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தலைவி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமா நிதானமாகப் பதில் சொன்னார். ஒரு கேன் நைட்ரஜன் எத்தனை நாள் தாங்கும், ஏன் மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது, குச்சியைக் கழுத்துக்கு மேலே எத்தனை நொடி தூக்கலாம். எனக்கு இதில் பாதி தெரியாது.

தூங்கி விழித்த பேராசிரியர் என்னிடம் மறுபடி ஆரம்பித்தார். "அந்த எலக்ட்ரான் ஏன் ஜோடி சேருதுன்னு ஏதாவது ஒரு கருத்தாவது இருக்கணுமேம்மா?"

மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கன்னியப்பன் முந்திக்கொண்டார். "அதுக்கு நேரம் வந்தா அது சேர்ந்துக்குது சாரே. இத்தப் போய் கேட்டுகினு..."

தலைவி சிரித்ததில் கண்ணாடி நழுவிவிட்டது.

வேலை எனக்குக் கிடைக்கவில்லை. கிளம்பும்போது தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாடம் பிரமாதம். மாடு வந்ததுக்குக்கூட மார்க் குறைக்க மாட்டேன். தெரியாததைச் சென்சார்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் குறைக்கிறேன்" என்றார். அப்பா ஒரு மாதம் கம்பெனி பஸ்ஸில் சன்னலோரம் தூங்குவதுபோல் நடித்தார்.

இப்போது வேறொரு கல்லூரியில் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை மாணவிகளுக்குக் காந்தத்தை மிதக்கவிட்டுக் காட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் கத்துகிறேன். கன்னியப்பன் வீட்டு மாடு கிடேரிக் கன்றுதான் போட்டது. நன்றிக்கடனாக அதற்கு எஸ்தர் என்று பெயர் வைத்துவிட்டார். "எஸ்தரு, ஒழுங்கா நில்லு, ஒதைச்சன்னா பாரு" என்று அவர் தினமும் காலையில் அதட்டுவதாக மாமா வந்து சொல்லுவார்.

எங்கள் வீட்டில் 'பொய்' என்ற வார்த்தையே வழக்கொழிந்துவிட்டது. பால் பொங்கியதை அம்மா மறைத்தாலும், ரேஷன் கடை டோக்கன் வாங்கிவிட்டேன் என்று அப்பா அளந்தாலும், "சென்சாரா?" என்பார்கள்.

போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகக் கேட்டார்.

"சமைக்கத் தெரியுமாம்மா?"

"நல்லாத் தெரியும் ஆண்ட்டி" என்றேன்.

பின்னாலிருந்து மாமாவின் குரல்: "சென்சாரு."

எங்கள் வீட்டுப் பக்கம் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். மாப்பிள்ளைதான் மெல்ல, "அது என்ன கதை?" என்று கேட்டார்.

மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.